கேட் திறந்த நிமிடங்கள்

இன்றும் போத்தனூர் சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்தும் என் ஸ்கூட்டர் தாண்டவில்லை. வியர்வை துடைக்கத் துணி தேடி சீட்டுக்கு அடியில் கைவிட்டால், வண்டி எண்ணுவதற்கு நீ வைத்திருந்த கருவி அகப்பட்டது. அழுத்தினேன். டிக் என்றது. நீ போய் இரண்டு வருடமாகிறது, அது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது.

பக்கத்து ஆட்டோக்காரர், "எந்த மகராசன் இந்த டைமிங் வெச்சானோ" என்றார். வைத்தது நாம் இரண்டு கணக்கு வாத்தியாரம்மாக்கள்தான். நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

இந்த சிக்னலுக்கு வண்டிக் கணக்கு எடுத்துத் தரச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகம் நம்மைக் கேட்டபோது, பேக்கரி வாசலில் நின்று நீ நிமிடத்துக்கு நிமிடம் எண்ணினாய், நான் எழுதினேன். எனக்குப் பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கின் மேல் அப்படியொரு பிரியம். ஒரு வண்டி வருவதற்கும் அடுத்தது வருவதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு சராசரியை வைத்து வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்து ரயில்வே கேட் திறந்த நிமிடங்களில் எண்ணிக்கை எகிறியது. விதிவிலக்கு என்று அந்த வரிகளைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

கோபம் வந்தால்தான் உனக்கு என்மேல் மரியாதை வரும். "ஏனுங்க அம்மணி, கேட்டு தொறந்தா அத்தன வண்டியும் ஒண்ணாத்தான் வரும். அதைய அடிச்சுப்போட்டா அவிங்கெல்லாம் எங்க போய் நிப்பாங்க?"

"சராசரி போதும், உடு" என்றேன். என் பிடிவாதம் தெரிந்து நீயும் கையெழுத்துப் போட்டாய். அந்தச் சராசரிக்குத்தான் இன்னமும் பச்சை எரிகிறது.

போன வாரம் டைமிங்கைத் திருத்தச் சொல்லி அந்த அலுவலகத்துக்குப் போனேன். "ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுங்க மேடம். தப்புன்னா அந்த மேடத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார் எழுத்தர். எங்கிருந்து கூட்டி வர? ஆத்திரத்தில் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் அடித்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நீ பென்சிலில் 'கேட்டு' என்று எழுதி வைத்திருக்கிறாய். இப்படி எழுதியதை என்னிடம் சொல்லவே இல்லையே, பாவி.

நாளை அந்த நோட்டைத்தான் கொண்டுபோகிறேன். பென்சிலில் எழுதியவள் இறந்துவிட்டாள், அவள் சொன்னதே சரி, அடித்தது நான் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.