படகேறும் முன்

தாராவி,
9-2-1964

அன்புள்ள அத்தானுக்கு,

பேராச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

பி.ஏ. பரீட்சைக்கு நீங்கள் அனுப்பிய பழைய வினாக்களில் ஒன்று என்னைக் குழப்புகிறது. "படகேறும் முன் இளவரசி நகரைத் திரும்பிப் பார்த்தது ஏன்? அவள் பண்பு விளங்க விடை வரைக." நோட்ஸில் 'பிறந்தகப் பாசம்' என்றிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடமாக வைத்திருக்கும் காவியம் முழுக்கத் தேடினேன். மணம் பேசுகிறார்கள், நாள் குறிக்கிறார்கள், சீர் அடுக்குகிறார்கள். 'உனக்குப் போக இஷ்டமா?' என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்பார்களா என்றுதான் திரும்பினாளோ?

ஆண்டாப் ஹில் தமிழ்ப் பள்ளியில் ஜூனிலிருந்து எனக்கு டீச்சர் வேலை தருகிறார்கள். அம்மாவோ, வைகாசியில் நம் கல்யாணம், மறுவாரமே கோவில்பட்டி என்று டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டாள். நீங்களாவது என்னைக் கேட்பீர்களா?

அன்புடன்,
பேராச்சி

கோவில்பட்டி,
16-2-1964

அன்புள்ள பேராச்சிக்கு,

அம்மாவுக்கு வலி தேவலை. டுட்டோரியலில் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தி இப்போது மூச்சுவிட நேரமில்லை. அதனால் உன் கடிதத்தையே திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிந்தனை நன்று. ஆனால் மேற்கோள் ஒன்றுகூட இல்லை. 'திரும்பினாளோ' என்று ஐயமாக முடித்தால் மார்க் போகும். கடைசிப் பத்தி வினாவுக்குப் புறம்பானது, அடித்துவிட்டேன். பதினைந்துக்கு ஆறு. 'பிறந்தகப் பாசம்' என்றே எழுது.

முகூர்த்தப் புடவை அரக்கு நிறம், உனக்குச் சம்மதமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புள்ள,
பிரம்மநாயகம்

தாராவி,
20-4-1964

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபம்தானா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் கவரைப் பூலோகம் அண்ணன்தான் பிரித்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அத்தான் கடுதாசி எழுதுனாரா, பேப்பர் திருத்துனாரா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. நீங்கள் சொன்னபடியே மேற்கோளோடு எழுதினேன். மணி அடித்தபோது, அவளை நானே படகில் தள்ளிவிட்டது போலிருந்தது.

முந்தாநாள் பள்ளிக்குப் போய், வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. உங்களைப் பிடிக்கவில்லையா என்றால் அதுவும் இல்லை. கவரில் உங்கள் எழுத்தைக் கண்டால் இப்போதும் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருகிறேன். இரண்டும் எப்படி ஒரே மனசில் இருக்கின்றன என்று விளங்கவில்லை.

நீங்கள் அடித்த பத்தியில் ஒரு வரியை மட்டும் மறுபடி எழுதுகிறேன். என்னைக் கேட்பீர்களா? கேட்டால் என்ன சொல்வேன் என்று நிச்சயமில்லை. ஆனால் யோசித்து, நானாகவே சொல்வேன். அதற்கு மார்க் போட வேண்டாம்.

அரக்கு எனக்குப் பிடித்த நிறம். புடவையை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். 

பேராச்சி