அண்ணைக்கு முன்னால் ஒரு குவளை

வின்டர்தூர்
05.05.2025, திங்கள்

அன்புள்ள தம்பி குகதாசனுக்கு,

நீ சொன்னதுபோல் நொஷாட்டல் நகருக்குப் போகவில்லை. துன்னில், உன் வீட்டில்தான் இருக்கிறாய். இது நேற்று உறுதியானது. சொன்னவர் உங்கள் தெருமுனைத் தவறணையில் பரிமாறும் தமிழ்ப் பெண் மேர்சி. “குகன் அண்ணை முந்தநாளும் இஞ்சைதான் இருந்தவர். நொஷாட்டலிலை அவருக்கு ஆர் இருக்கினம்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சுவிஸ் பியர்த் தவறணைகளைப் பற்றி எழுதத்தான் பத்திரிகை என்னை அனுப்பியது. பட்டியலில் துன் இல்லை. உனக்காக நான் சேர்த்தது. நீ தொலைபேசியை எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

அங்கே ஒரு வட்ட மேசை காலியாக இருந்தது. போய் இருந்தேன். சற்று நேரத்தில் ஐந்து கிழவர்கள் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். மேர்சி ஓடி வந்தார். “ஐயா, எழும்புங்கோ! அது ஸ்டாம்டிஷ். வழமையா வாற ஆக்கள் மட்டும்தான் அதிலை இருக்கலாம்.” கொழும்பிலிருந்து வந்தவன் என்றதும், ரூடி என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் என்னை இருக்கச் சொல்லி, சுவரில் தொங்கிய குவளைகளில் புதியதைக் காட்டினார். அதில் உன் பெயர். வெள்ளி மாலை ஆறரைக்கு அதை முதல் தடவை நிரப்புகிறார்களாம். சொந்தத்தில் ஒருவர்தான் அதனோடு முதலில் குவளை முட்ட வேண்டுமாம். அது அந்த மேசையின் வழக்கம். இந்த நாட்டில் உனக்கு அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறாய்.

அண்ணன் இதோ இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு விமானம். நாம் சந்தித்துப் பதினேழு வருடம். இனி இவ்வளவு தூரம் வருவேனோ தெரியாது. ஏன் ஒளிகிறாய்?

அண்ணன்
இராஜசிங்கம்

*

துன்
06.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பொய் சொன்னது என் பிழை. கோபம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு முன்னால் நான் ஒரு சிகரெட்கூடப் பற்றவைத்ததில்லை. இங்கே குவளை முட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மறுபடி முட்டச் சொல்லுவார்கள். உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு பியர் குடிக்க என்னால் ஏலாது. நீங்கள் வந்திருப்பது தெரிந்தால் ரூடி விடமாட்டான். அதனால்தான் நொஷாட்டல்.

ஒருமுறை இதை அவர்களுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். “உனக்கு எத்தனை வயது?” என்று கேட்டான் ரூடி. ஐம்பத்தெட்டு என்றேன். மேசையே சிரித்தது. “அண்ணன் என்ன, பொலிஸா?” என்றான் மற்றவன்.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம், அண்ணை. சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். ஆட்டிறைச்சி காய்ச்சுகிறேன். ஆறுதலாகக் கதைக்கலாம்.

தங்கள் அன்புத் தம்பி
குகதாசன்

*

வின்டர்தூர்
07.05.2025

தம்பி,

சனிக்கிழமை வரமாட்டேன். அங்கே என்ன நடக்கும் என்று இப்போதே எழுதித் தரலாம். நான் கதிரையில் இருப்பேன். நீ கதவடியில் நிற்பாய். “சாப்பிடுங்கோ அண்ணை.” “ஓம் அண்ணை.” “இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை?” கடைசியாகக் கொழும்புக்கு வந்தபோது மூன்று நாளும் அதைத்தான் கதைத்தாய். உன்னைப் பற்றி ஒன்றும் அறியாமலே விமானம் ஏற்றிவிட்டேன்.

அந்த மேசையில் உன் சத்தம்தான் பெரிதாம். சீட்டில் கள்ள விளையாட்டு விளையாடுகிறான் என்று ரூடியை முகத்துக்கு நேரே பேசுவாயாம். மேர்சி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தக் குகதாசனை எனக்குத் தெரியாது. ரூடிக்குத் தெரிகிறது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

உன் மரியாதை எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஒருநாளாவது என்னோடு சண்டை பிடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். கட்டுரைக்காகப் பதினொரு தவறணை ஏறி இறங்கி, எல்லா இடத்திலும் ருசி பார்த்ததில் கால் வீங்கிவிட்டது, சப்பாத்துக்குள் போகவில்லை. சீனி வருத்தத்துக்கான குளிசையைக் கொழும்பிலேயே மறந்துவிட்டு வந்தேன். பரவாயில்லை, செருப்போடு வருவேன்.

இராஜசிங்கம்

*

துன்
08.05.2025

அண்ணை,

உங்களுக்கு அறிவு கிறிவு இருக்கோ?

சீனி வருத்தக்காரன் குளிசையை வீட்டிலை விட்டிட்டு, பதினொரு இடத்திலை பியர் குடிச்சிருக்கிறார். கட்டுரையாம் கட்டுரை! ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதிற மனுசன். கால் வீங்கினால் டொக்டரிட்டைப் போகோணும். இருந்து எனக்குக் கடிதம் எழுதிறதோ? செருப்போடை வருவாராம். ஒரு அடி வெளியிலை வைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்.

நாளைக்கு உங்களுக்குத் தபால் பத்து மணிக்கு வரும். பதினொண்டுக்கு நான் உங்கடை ஹோட்டல் வாசலிலை நிப்பன். முதல் டொக்டர். அவர் ஓம் எண்டால் மட்டும்தான் பின்னேரம் துன்னுக்கு வெளிக்கிடுறது. உங்களுக்குப் பச்சைத்தண்ணி. முறைச்சுப் பாக்கிற வேலை எல்லாம் என்னட்டை வேண்டாம்.

அண்ணன் வாறார் எண்டு ரூடிக்குச் சொல்லிப்போட்டன். “பொலிஸோ?” எண்டு கேட்டான். “அதைவிட மோசம், பேப்பர்க்காரன்” எண்டன்.

டொக்டர் என்ன சொல்லுவார் எண்டு தெரியாது. உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு நான் அந்தக் குவளையை வாயிலை வைப்பனோ எண்டும் தெரியாது. ரெண்டும் நாளைக்குத்தான். குவளை ஆறரைக்கு.

குகன்