பதின்மூன்றில் மீதி ஒன்று

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
12.8.1997

அன்புள்ள அக்காவுக்கு ரேணு எழுதுவது.

இங்கே நலம். வேதாவின் எஸ்.டி.டி. பூத் முகவரிக்கு நீ போட்ட கடிதம் நேற்று கிடைத்தது. நான்கு ஞாயிறுகளாக யாரோ போன் செய்து பேசாமலே வைத்துவிடுவதாகவும், போலீசில் சொல்வேன் என்று அதட்டியும் நிற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நம்பரை மாற்ற மாமா விண்ணப்பம் கொடுக்கப் போகிறாராமே. அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

514229 ஒரு பகா எண். பஸ் டிக்கெட் எண்களை நாம் வகுத்துப் பார்ப்போமே, அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு நீ மைசூருக்குப் போன இந்த இரண்டு வருடத்தில், வீட்டில் யாரும் உன் பெயரைச் சொன்னதில்லை. உனக்குப் போன் செய்ய எனக்கும் தைரியம் வரவில்லை. அதனால் உன் நம்பரை வகுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் ஒரு சாயங்காலம், பதினொன்று வரை முடித்திருந்தபோது அப்பா ஆபீசிலிருந்து வந்தார்.

"என்னம்மா கணக்கு?"

"இது எதாலயாவது வகுபடுதானு பாக்கறேன்ப்பா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார். பதின்மூன்றால் வகுத்தார். "போச்சும்மா, மீதியே இல்ல" என்றார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பார்த்தால் 514-ஐ 541 என்று எழுதியிருக்கிறார்! திருத்தி வகுத்ததும் மீதி ஒன்று வந்தது. "ஒண்ணு நிக்குது, பாரு" என்று சிரித்தார். நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அன்றிலிருந்து தினமும் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"எது வரைக்கும்மா போகணும்?"

"709 போதும்ப்பா. ரெண்டு நம்பரைப் பெருக்கி இது வந்தா, அதுல சின்னது 717-ஐத் தாண்டாது. அதுக்குள்ள கடைசி பகா எண் 709."

"அவ்ளோ கம்மியா?" என்றார், ஏமாந்தவர் போல.

மொத்தம் நூற்றிருபத்தேழு வகுத்தல். பாதிக்கு மேல் அவர் செய்தவை. 709-இல் மீதி 204. "எதுக்கும் மசியலம்மா" என்று பேனாவை மூடி வைத்தார். யாருடைய நம்பர் என்று கேட்கவே இல்லை. தாளின் தலையில் 0821 என்று உங்கள் ஊர் எஸ்.டி.டி. கோடை எழுதி ஒரே கோட்டால் அடித்திருந்ததை நான்தான் மறந்துவிட்டேன்.

நேற்று வேதா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பத்து மணியானா உங்கப்பா வராரு ரேணு. சீட்டுகூட இல்ல, மனப்பாடமா போடறாரு. உங்கக்கா நம்பர்தான்டி. காதுல வச்சிட்டு நிக்கறாரு, வச்சிட்டுப் போயிடறாரு."

அக்கா, வருகிற ஞாயிறும் போன் வரும். அதட்டாதே. என்ன சமைத்தாய், அங்கே மழை ஜாஸ்தியா, எதையாவது நீ பேசிக்கொண்டே இரு. "அப்பா" என்று மட்டும் உடனே கூப்பிட்டுவிடாதே, பயந்து வைத்துவிடுவார். அதற்கு இன்னும் சில ஞாயிறுகள் ஆகட்டும்.

நம்பரை மாற்றாதீர்கள். அவருக்கு இது ஒன்றுதான் மனப்பாடம்.

உன் தங்கை,
ரேணுகாம்பாள்