ஏழு நாட்டுக்குக் கட்டிய பெட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நானும், என் அக்காவாக என்னை இன்னும் அதட்டிக்கொண்டிருக்கும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன்னோடு ஏழு நாட்டு மருத்துவ ஊழியத்துக்குப் போயிருக்கும் சகோதரிகளும் போகிற இடமெல்லாம் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் தினசரி ஜெபம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதும் கிழிப்பதுமாகவே போயிற்று. நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி. இப்போது நீங்கள் தங்கியிருக்கும் மூன்றாவது நாட்டில், மிஷன் மருத்துவமனையில், பயணம் முடிந்ததும் உன்னை நிரந்தரமாக நர்ஸாக இருக்கச் சொல்கிறார்கள். மாதம் முடிவதற்குள் பதில் தர வேண்டும். "என்ன சொல்லட்டும் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால், யோசித்துப் பதில் எழுத வேண்டிய ஒரு விஷயமாக அதை எடுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வரியில், "என் சாமான் ஒண்ணு விடாம கட்டி அனுப்பியிருக்கீங்க. நான் திரும்பி வர வேண்டாம்னு நினைச்சிருந்தா அதையும் எழுதிடுங்க மாமா, வருத்தப்பட மாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து வீட்டுக்குள்கூட என்னால் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை.

பதில் சொல்கிறேன் அம்மா. எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும் என்பது உனக்குத் தெரியும். சின்ன வெட்கங்களை முதலில் தீர்த்துவிட்டுப் பெரியதற்கு வருகிறேன். பொறுமையாகப் படி.

உங்கள் பெரிய சிஸ்டரிடமிருந்தும் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் கட்டிய பெட்டியைப் போல ஒழுங்கான பெட்டியைத் தன் ஊழிய வாழ்க்கையில் பார்த்ததில்லையாம். நான்காவது நாட்டில் உங்களோடு வந்து சேரப்போகும் பதினோரு பெண்களுக்கு, பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று நான் ஆலோசனை எழுதித் தர வேண்டுமாம். படித்துவிட்டு வேர்த்துப் போனேன். பெண்களின் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று நான் எழுதுவதா? முடியாது என்று எழுதவும் தைரியம் வரவில்லை.

அந்தப் பெட்டியின் லட்சணம் உனக்குத்தான் தெரியும். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். எந்த நாட்டுக்கும் போனதில்லை என்றாலும் எல்லா நாட்டின் மழையும் வெயிலும் மனப்பாடம். அந்தத் திமிரில், நாட்டுக்கு ஒரு மூட்டையாக ஏழு மூட்டை கட்டினேன். முதல் நாடு மேலே, ஏழாவது நாடு அடியில். ஒவ்வொன்றின் மேலும் நாட்டின் பெயரையும் பருவத்தையும் எழுதி ஒட்டினேன். "ஒரு நாட்டுத் துணியை அடுத்த நாட்டுல உடுத்துனா எல்லையில பிடிச்சுக்குவாங்களா?" என்று பெரிய சிஸ்டர் கேட்டுச் சிரித்ததாக எழுதியிருந்தாய். துவைத்தால் மறுபடி உடுத்தலாம் என்ற ஒரு சின்ன உண்மை எனக்குத் தோன்றவே இல்லை. குளிருக்கான கம்பளிக் கோட்டு அடியில் இருக்க, முதல் நாட்டிலேயே மலைமேல் உன்னை முகாமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீ துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாயாம். சராசரி வெப்பநிலையைப் பார்த்தவன் மலையைப் பார்க்கவில்லை. என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் முட்டை மார்க் போட்டிருப்பேன்.

ஆகவே இந்த முறை என் அறிவை நம்பாமல், விசாரித்து எழுத முடிவு செய்தேன். அத்தையிடம் கேட்டேன். "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அடுத்த தெரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாவை உனக்குத் தெரியும், மெதுவாகப் பேசினால் பாவம் என்று நினைப்பவர். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தலைவலி மாத்திரை வாங்கி, இருமல் மருந்து வாங்கி, பஞ்சு வாங்கி, கடைசியில் மாதவிலக்குக்கான பொருளைப் பற்றிக் கேட்டேன். "யாருக்கு சார்?" என்றார். பெண்களுக்கு என்றேன். "அது தெரியுது சார், எத்தனை பேருக்கு?" என்றார். பதினோரு பேர் என்றேன். உள்ளே மருந்து அடுக்கிக்கொண்டிருந்த தன் தங்கையைக் கூப்பிட்டு, "இங்க வா, சார் என்ன கேக்கறாருன்னு பாரு" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை தையற்காரர் வெளியே வந்துவிட்டார். நான் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் விஷயத்தைச் சொன்ன பிறகு அந்த இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தையற்காரரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அதையும் சேர்த்திருக்கிறேன்.

நான் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. பார்த்துத் திருத்தி அனுப்பு.

மாதவிலக்குக்கு வேண்டியதை முதல் சில மாதங்களுக்குப் போதுமான அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். போகிற எல்லா ஊரிலும் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. துவைத்துப் பயன்படுத்தும் துணி என்றால் வெயிலில் காயவைக்க இடம் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்க வெட்கப்படக் கூடாது (இதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் எழுதியிருக்கிறேன்). உள்ளாடை பருத்தியில்தான் இருக்க வேண்டும். உடை எதுவானாலும் ஒன்று உடுத்த, ஒன்று துவைக்க, ஒன்று காய என்று கணக்கு வைத்து, ஒன்றோடொன்று சேரும் நிறங்களாக, அழுக்குத் தெரியாத நிறங்களாக எடுக்க வேண்டும். தலையையோ தோளையோ மூடச் சொல்லும் இடங்களுக்கு அகலமான சால்வை ஒன்று. அதுவே போர்வை, அதுவே திரை, அதுவே தலையணை. பாவாடையின் உள்பக்கம் பாஸ்போர்ட் போகிற அளவுக்கு ஒரு பை தைத்துக்கொள்ளச் சொன்னது தையற்காரர். மருந்துகளை டப்பா மாற்றாமல், டாக்டர் சீட்டோடு வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டிய பிறகு, அந்தப் பெட்டியை யார் உதவியும் இல்லாமல் தெருவைச் சுற்றித் தூக்கிவர வேண்டும். முடியவில்லையா, திறந்து பாதியை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நானே செய்து பார்த்தேன். என் பழைய பெட்டியில் உனக்கு நான் கட்டிய எடைக்குப் புத்தகங்களை நிரப்பித் தூக்கிக்கொண்டு போனேன். தெருமுனை தாண்டவில்லை, மூச்சு வாங்கி ஒரு கடைப்படியில் உட்கார்ந்தேன். மாடிவீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், அக்காகிட்ட கோவிச்சுக்கிட்டு கிளம்பிட்டீங்களா?" என்றார். அவர் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு கனத்தை உன் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன் என்பது அந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

இனி பெரிய வெட்கத்துக்கு வருகிறேன்.

"மேல் தட்டுல இருக்கற துணியை மட்டும் கட்டிடுங்க மாமா, கீழ இழுப்பறையை நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நீ கடைசி நாள் டியூட்டிக்குப் போனாய். மாற்று நர்ஸ் வராமல் உன்னை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். வண்டிக்கு நேரமாகிக்கொண்டே இருந்தது. அத்தையைக் கூப்பிட்டு அந்த இழுப்பறையைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் கூச்சம். மாமனார் மருமகளின் இழுப்பறையைத் திறப்பதா என்று அலமாரி முன்னால் நின்றேன். கடைசியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இழுப்பறையை அப்படியே உருவி, தலையணை உறையில் கவிழ்த்து, முடிச்சுப் போட்டுவிட்டேன். பொறுக்கி எடுக்க வேண்டியதில்லை, பார்க்க வேண்டியதில்லை, எதுவும் விட்டுப்போகவும் செய்யாது என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதிகூட.

துணிக்கு நடுவே ஏதோ ஒரு கெட்டியான விளிம்பு கையில் பட்டது. துணி அல்லாத ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அவிழ்த்துப் பார்க்கவில்லை. உன் கல்யாணப் போட்டோவும், நர்ஸிங் சர்ட்டிபிகேட்டும், என் மகனுடைய கைக்கடிகாரமும் அதில்தான் இருந்தன என்று உன் கடிதத்தில் படித்தபோது என் கை அந்த விளிம்பை மறுபடி உணர்ந்தது. அதோடு விட்டேனா? ஜன்னலில் இருந்த சீப்பு, கதவுக்குப் பின்னால் கிடந்த செருப்பு, நீ டீ குடிக்கும் கோப்பை, எல்லாம் ஏதோ ஒரு நாட்டில் உதவும் என்று திணித்தேன். அத்தனை பேர் முன்னால் நீ அதை அவிழ்த்திருக்கிறாய். "மாமனார் வழியனுப்பினாரா, துரத்திவிட்டாரா?" என்று சமையல் சகோதரி கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் மாமா என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் இங்கிருந்தே பார்க்கிறேன். நன்றாக இல்லை அம்மா.

ஆனால் பெட்டியை மட்டும் வைத்து நீ அப்படி நினைத்திருக்க மாட்டாய். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். நீ புறப்படுவதற்கு முந்தின வாரம், சாப்பாட்டு மேசையில் அத்தை என்னிடம், "அவ போனதும் அந்த ரூம் சும்மாதானே கிடக்கும்? ஒரு டீச்சரை வாடகைக்கு வெச்சா நமக்கும் துணை ஆச்சு" என்றார்கள். நீ அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். குழாய்ச் சத்தம் நின்றது. என் பதிலுக்காகத்தான் நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும். நான், "பார்க்கலாம்" என்றேன். குழாய் மறுபடி திறந்தது.

என் வாழ்க்கையில் எல்லாக் கேள்விக்கும் நான் சொன்ன பதில் அதுதான். யார் மனமும் நோகாது என்று நினைத்துச் சொல்லும் சொல். உன் மனம் நொந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்த கவளத்தைச் சாப்பிட்டேன். என் மகன் இறந்த பிறகு நீ உன் அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருந்தாய். ஏன் இருந்தாய் என்று நான் கேட்டதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. நீ இருந்ததால், சொல்லத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒன்று நடந்தது. அத்தை ஒரு டீச்சரம்மாவை அறை பார்க்க அழைத்துவந்துவிட்டார்கள். நல்ல பெண், பாவம். நான் அறை வாசலில் போய் நின்றுகொண்டு, "ரூம் காலி இல்லைம்மா" என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அலமாரி திறந்து கிடந்தது, ஆணியில் ஒரு துணி இல்லை, ஜன்னலில் ஒரு சீப்பு இல்லை. "காலியாத்தானே சார் இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒரு பெண் அங்கே வாழ்ந்தாள் என்று காட்ட ஒரு ஊசிகூட நான் மிச்சம் வைக்கவில்லை. "ஆள் இருக்கு. வெளியூர் போயிருக்கு. வந்துரும்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா உனக்கு வாய் இருக்குன்னே எனக்குத் தெரியாதுடா" என்றார்கள். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் உன் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்ப்பதைக் கண்டதும், "தூசி அடையுது, அவ வந்தா என்னைத்தான் சொல்லுவா" என்றார்கள். நீயா சொல்லப்போகிறாய்? ஆனால் அவர்களுக்கு அப்படித்தான் பேச வரும்.

சரி, உன் கேள்வி. அந்த வேலை நல்ல வேலை. அங்கே நோயாளிகள் உன் கையை எதிர்பார்க்கிறார்கள். அது ஆண்டவரின் அழைப்பாக இருக்கலாம். அதை மறிக்கிறவனாக நான் நிற்கக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு. அங்கே தங்குவதுதான் உன் விருப்பம் என்றால், தங்கு. என் ஆசீர்வாதத்தில் குறை வைக்க மாட்டேன். இந்த வயதில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று இரக்கப்பட்டு நீ வர வேண்டாம். நாங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வோம்.

இந்த இடத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் பெருந்தன்மையாக இருந்திருக்கும். கிழித்துப் போட்ட தாள்களையெல்லாம் இதே இடத்தில்தான் முடித்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், அதுவும் நல்ல வார்த்தை போட்டு எழுதிய "பார்க்கலாம்"தான்.

நீ என்னைக் கேட்டாய். அதனால் சொல்கிறேன். எனக்கு நீ திரும்பி வர வேண்டும். இது உன் வீடு. இதைச் சொல்ல ஒரு கடிதமும் மூன்று நாட்டுத் தூரமும் தேவைப்பட்டதற்கு வெட்கப்படுகிறேன். மன்னித்துவிடு.

நீ போகும் வழியெல்லாம் ஆண்டவர் உனக்கு முன்னால் போவாராக. திரும்புகிற வழியிலும்.

இப்படிக்கு,
உன் மாமா