ஆபரேஷனில் போட்ட பாட்டு

மார்ச் 3, செவ்வாய்

கும்மிடிப்பூண்டி மில்லில் இரும்புக் கட்டு உருண்டு இவர் வலது பாதத்தை நசுக்கியதிலிருந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரிதான் வீடு. நாளை ஆபரேஷன். பாதம் தேறுமா? திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். இவர் விழித்தே இருப்பார். மயக்க மருந்து டாக்டர் ஹெலன் கேட்டார்: "எபினேசருக்குப் புடிச்ச பாட்டு எதும்மா? ஹெட்போன்ல போடுவோம். பயம் இருக்காது, வலி மாத்திரை கம்மியா போதும், சீக்கிரம் தேறிடுவாங்க."

திருதிருவென்று விழித்தேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் அதுகூடத் தெரியவில்லையே! சர்ச் பாட்டுகளைப் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 4

பாதியில் டாக்டர் ஹெலன் வெளியே வந்தார். பாதம் அழுகிவிட்டது, எடுத்தாக வேண்டும். "ஹெட்போனைக் கழட்டிட்டு அவர்கிட்டயே கேட்டேன்மா. அமைதியா தலையாட்டினாரு. பாட்டு நல்லா வேலை செய்யுது." அவரே சரி என்ற பிறகு நான் என்ன சொல்ல? கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5

போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டார். "என் காலு எங்கடீ? எவன் எடுக்கச் சொன்னது?"

"நீங்கதானே சரின்னீங்க?"

"என்னை எவன் கேட்டான்?"

வார்டே திரும்பிப் பார்க்க அழுதார். பாவி, நான் கையெழுத்துப் போட்டேனே—

மார்ச் 6

கஞ்சிகூட இறங்கவில்லை. பாட்டு கேட்டவர்களெல்லாம் சுருக்க எழுந்து உட்காருகிறார்களாம், இவர் மட்டும் ஏன் இப்படி என்கிறாள் நர்ஸ் ஸ்நேகா.

மார்ச் 8, ஞாயிறு

இவருடன் வேலை செய்யும் அன்புசெல்வன் வந்தான். டீக்கடையில் வைத்துச் சொன்னான். "அண்ணி, அண்ணனுக்குக் காது கேக்காது. மில்லு சத்தத்துல போய்ட்ச்சு. வாய் அசையறத பாத்துக்கினே சமாளிக்கும். புரியலன்னா தலைய ஆட்டிடும், நாங்க பாதிப் பேரு அப்டித்தான். தெரிஞ்சா வேலை பூடும்னு உங்க கையில கூட சொல்லல."

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்களே. யார் வாயைப் பார்த்திருப்பார்? இரும்பு உருண்டபோதும் யாராவது கத்தியிருப்பார்கள். ஐயோ, எப்படித் தெரியாமல் போச்சு எனக்கு? டிவி சத்தத்துக்காக எத்தனை சண்டை!

மார்ச் 10

கட்டிலில் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன். நிதானமாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்: "உங்களுக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க சம்மதிச்சீங்கன்னு நெனச்சுதான் கையெழுத்து போட்டேன். மன்னிச்சிருங்க."

முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.