ஹாரன் பழகிய கை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? குடும்பத்தோடு இங்கே வந்து இரண்டு மாதமாகிறது. நால்வரும் நலம், என் மானத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

இங்கே எனக்குக் கிடைத்த வேலைக்கு இந்த நாட்டு டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம். கிடைக்காவிட்டால் எல்லோரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இருபது வருஷம் வண்டி ஓட்டிய மிதப்பில் டெஸ்டுக்குப் போனேன். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்தேன். இங்கே காரணமில்லாமல் ஹாரன் அடிப்பது தப்பாம்; அதிகாரி ஃபெயில் போட்டுவிட்டார். இரண்டாம் முறையும் அதே கதை. உங்கள் மருமகளோ ஒரே தடவையில் பாஸ்!

பிறகு ஒரு வாரம் அவள்தான் எனக்கு வாத்தியார். கை ஹாரன் பக்கம் போனால் சீப்பால் ஓர் அடி.

"ரோட்டுல ஈ காக்கா இல்ல. யாரைங்க கூப்பிடுறீங்க?"

"பழகின கைடி, சும்மா இருக்குமா?"

"இருக்கலைன்னா மூட்டையைக் கட்டிட வேண்டியதுதான்."

அடி வீண்போகவில்லை. நேற்று பாஸாகிவிட்டேன். வேலை நிலைத்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் நிலைத்தது. இனி கவலை வேண்டாம்.

ஒரு சின்ன உதவி. வாசலில் நின்று, நம் தெருச் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். பஸ் ஹாரன் நன்றாக விழட்டும். பிள்ளைகளுக்குத்தான் கேட்கிறேன், எனக்கில்லை.

அவள் கீழே வண்டியில் காத்திருக்கிறாள். ஹாரன் அடித்துக் கூப்பிடமாட்டாள்; நானாகத்தான் ஓட வேண்டும்.

உங்கள் மகன்