மூலை இல்லாத வீடு

அன்பு மகள் சுலாமிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், பன்றிகள் நலம், போன மழையில் ஒழுகிய கூரையும் நலம். நான் நலமா என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள். உன் நலத்தைப் பற்றி நாலு வரியாவது எழுது. தொலைபேசியில் கேட்டால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய்.

நீ டவுன்ஸ்வில் முதியோர் இல்லத்து வேலைக்கு நடுவே அனுப்பிய பயிற்சித் தாள் வந்தது. படம் போட்டு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை எழுதியவர்கள் நம் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. ஜூன் மாதக் காய்ச்சல் என் வலது காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனது உனக்குத் தெரியும். அந்த நரம்பு இனித் தேறாது, அது இல்லாமல் நிற்க மூளைதான் பழக வேண்டும், தலை சுற்றச் சுற்றத்தான் மூளை பழகும், சுற்றலுக்குப் பயந்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டியதுதான் என்று ஆப்பியா மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் மெலே சொன்னாள். சின்னப் பெண், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறாள், இந்தத் தீவில் அது அபூர்வம். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பும் அந்த ஒரு அசைவில்தான் நான் இரண்டு முறை விழுந்தேன். செப்டம்பரில் மூன்றாம் தவணை தொடங்கும்போது வகுப்பில் நிற்க முடியாவிட்டால் ஐம்பத்திரண்டு வயதிலேயே ஓய்வு என்று பள்ளிக் குழு எழுத்தில் கொடுத்துவிட்டது. கீழே கையெழுத்து குழுத் தலைவருடையது, அதாவது உன் சித்தப்பா பெசமினோவுடையது. பள்ளிக்கூட நாளில் அவன் வீட்டுப்பாடக் கணக்கையெல்லாம் போட்டுக் கொடுத்தது நான்.

தாளில் முதல் பயிற்சி, கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் வலமும் இடமும் ஆட்டுவது. செய்தேன். சுவரில்லாத வீட்டில் செய்கிற எதையும் ஊரே சேர்ந்துதான் செய்கிறது. ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நின்றார்கள். படகுக்காரர் வீட்டு லெப்பேகா, "வாத்தியாரே, விரல் என்ன சொல்லுது? நாளைக்கு மீன் விழுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். தைலக்காரக் கிழவி கேட்காமலே வந்து உட்கார்ந்து, காதுக்குள்ள காத்துப் பூந்திருச்சு, மூணு நாள் எண்ணெய் தேய்ச்சா இறங்கிரும் என்று என் தலையைப் பிடித்துக்கொண்டாள். நம் வீட்டுக்காரர்கள் அதற்கும் மேல். நான் கொஞ்சம் தள்ளாடினால் போதும், உன் அத்தை பிள்ளைகள் நாலு பேரும் பாய்ந்து வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாயில் உட்கார வைத்துவிடுவார்கள், உன் அம்மா கொக்கோ கொண்டுவருவாள். என்னைத் தள்ளாட விடுங்கள், தள்ளாடுவதுதான் மருந்து என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "ஊர்ல நாலு பேரு பார்த்தா என்ன நெனைப்பாங்க, வீட்டு ஆம்பிளைய ஆட விட்டு வேடிக்கை பாக்குறோம்னு சொல்ல மாட்டாங்களா" என்றாள் உன் அம்மா. மரியாதை காட்டியே ஒரு மனிதனை முடமாக்க இவர்களால் முடியும்.

இரண்டாவது பயிற்சியில்தான் வினை வந்தது. வீட்டின் ஒரு மூலைக்கு முதுகைக் காட்டி, முன்னால் ஒரு நாற்காலி போட்டு, கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி முப்பது விநாடி நிற்க வேண்டும் என்று இருக்கிறது. மூலைக்கு எங்கே போவது சுலாமி? நீ பிறந்து வளர்ந்த வீடுதானே, நீள்வட்டமாகத் தூண்கள், மேலே கூரை, அவ்வளவுதான், அதில் மூலை எங்கே இருக்கிறது என்று அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். தேவாலயத்தில் மூலை இருக்கிறது, அங்கே போய்க் கண்ணை மூடி நின்றால் நான் என்ன பாவம் செய்தேன் என்று போதகர் மனைவி விசாரிக்கத் தொடங்கிவிடுவார். பள்ளிக்கு விடுமுறை, பூட்டியிருக்கிறது. சரி, தூண் இருக்கிறதே என்று அதில் சாய்ந்து நின்றேன். தூணின் அகலம் ஒரு சாண், என் முதுகு அப்படி இல்லை. ஏழாவது விநாடியில் பக்கவாட்டில் சரிந்து, திண்டைத் தாண்டி வெளியே கற்கள் மேல் விழுந்தேன். இடுப்பில் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அன்றோடு அம்மா உன் தாளை எடுத்து வேதப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டாள்.

நம் குடும்பத்தில் மூலை உள்ள வீடு ஒன்றுதான். பதினாலு வருடம் ஆக்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து உன் சித்தப்பா கட்டிய வீடு, நாலு சுவர், கதவு, ஜன்னல். குடும்பத் தலைவர் பட்டத்தை மூத்தவனும் படித்தவனுமான என்னை விட்டுவிட்டு அவனுக்குக் கொடுத்த நாளிலிருந்து ஆறு வருடமாக நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. உன் அம்மா என்னைக் கேட்காமல் போய்ச் சித்தியிடம் பேசிவிட்டாள். பேசிவிட்ட பிறகு நான் போகாமல் இருந்தால் அவளுக்கு அவமானம். போனேன். உள்ளே உன் சித்தப்பா இரண்டு சபை மூப்பர்களோடு பாயில் உட்கார்ந்திருந்தான், மூலை அவர்களைத் தாண்டி இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் குனிந்து, மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே கடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? குனிந்தால் அவர்கள் மடியில்தான் விழுவேன். நிமிர்ந்தே நடந்தேன். ஒரு மூப்பர் இருமினார். உன் சித்தப்பா சும்மா இருப்பானா, "தப்பா எடுத்துக்காதீங்க, பட்டம் கிடைக்காத கோவம் ஆறு வருசமா அண்ணன் கழுத்துலயே நிக்குது, அதான் குனிய வரல" என்றான். மூவரும் சிரித்தார்கள்.

திரும்பிப் போயிருப்பேன், திரும்பினால் தலை சுற்றும். அதனால் மூலையில் நின்றேன். நாற்காலி வழுக்குகிறது என்று அவனே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டான், தொலைபேசியில் விநாடி பார்க்கிறானாம். யாரும் என்னைத் தொடக் கூடாது, தொட்டால் பயிற்சி வீண் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். அவன் வாய் மூடவில்லை. "உனக்குப் பட்டம் தந்திருந்தா என்ன ஆயிருக்கும்ணா? நீ பேசினா யாருக்குப் புரியும்? அத்தை சாவுல பன்றி பங்கு வைக்கச் சொன்னா விகிதம்னு ஆரம்பிச்சவன்தானே நீ?" என்றான். அந்தப் பங்கீட்டில் தவறே இல்லை சுலாமி, சாப்பிட வந்தவர்களுக்குத்தான் பொறுமை இல்லை. அதை அவனுக்கு வரி வரியாக விளக்கினேன், அப்பாவின் மரணப் படுக்கையில் பக்கத்தில் இருந்தது யார், ஆக்லாந்தில் இருந்து ஒரு கடிதம்கூடப் போடாதது யார் என்பதையும் விளக்கினேன். அவன் தொலைபேசியைப் பார்த்து, "அம்பத்தெட்டு செகண்டு" என்றான். நான் விழவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் தினமும் நாலு மணிக்குப் போனேன், தினமும் சண்டை. சைக்கிள், பலா மரம், யார் யாரை முதலில் அடித்தது, விஷயத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று வாரத்தில் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் முனையை ஒட்டி வைத்துப் பத்தடி நடந்தேன், தலையைத் திருப்பித் திருப்பியும் நடந்தேன். மெலே சோதித்துவிட்டு, போகலாம் ஐயா, ஆனா நாலு மாசம் பயிற்சிய விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். போன திங்கள் பள்ளி திறந்தது. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். அறை ஒரு கணம் பின்தங்கி வந்து சேர்ந்தது, நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அன்று பதினோரு முறை திரும்பினேன். பன்னிரண்டாவது முறை மேசையைப் பிடித்தேன், முன்வரிசைப் பெண் ஒருத்தி, உக்காருங்க சார் என்றாள், கணக்கைப் பார் என்று அதட்டினேன். வேலை போகாது.

இப்போது பயிற்சி கடினமாகிவிட்டது, மூலையில் பஞ்சு மெத்தைத் துண்டின் மேல் நிற்க வேண்டும், கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நேற்று உன் சித்தப்பா பேசவே இல்லை. தொலைபேசியில் ரக்பி பார்க்கிறான் என்று எனக்குக் கோபம், பாதியில் கண்ணைத் திறந்துவிட்டேன். நாற்காலி தள்ளிக் கிடந்தது. அவன் எனக்கு நேரே நின்று, என் இரண்டு தோளுக்கும் வெளியே கைகளை நீட்டி வைத்திருந்தான், ஒரு விரற்கடை இடைவெளி, தொடவில்லை. இடக்கை அந்தத் தொழிற்சாலையில் கெட்ட கை, தோளுக்கு மேல் தூக்க முடியாது என்று சித்தி சொல்வாளே, அதையும் தோள் வரை தூக்கிப் பிடித்திருந்தான். என் கால்களையே பார்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான், நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். முப்பது என்று குரல் வந்தபின் திறந்தால் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியை நோண்டிக்கொண்டிருக்கிறான். "நடுவுல கண்ணத் தொறந்தியாண்ணா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே, உன் கையால் தூக்கிவிடுகிற முதியவர்களைப் போலவே உன் முதுகையும் பார்த்துக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நல்ல துணையும் நல்ல உடம்பும் தருவாராக. ஒன்று மட்டும் மறக்காதே, சித்தப்பாவிடம் பேசும்போது மேலே எழுதியதைச் சொல்லிவிடாதே. பட்டம் விஷயத்தில் அப்பாவின் கருத்து மாறவில்லை என்று வேண்டுமானால் சொல்.

என்றும் உன் நன்மையை நாடும் அப்பா,
தானியேலு